மருந்துச் சீட்டில் காரணத்தையும் எழுதுங்கள்

வேலூர் மாவட்டத் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். குடியாத்தத்தில் 28 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சீட்டுகளைப் படித்தே பிழைத்தவன் என்பதால், அவற்றில் எது எழுதப்படுவதில்லை என்பதும் தெரியும். ஆண்டிபயாட்டிக்கின் பெயரும் வேளையும் இருக்கும். எந்தத் தொற்றுக்காக என்பது இருக்காது.

சென்ற ஆண்டு என் தம்பிக்கு இம்மாவட்ட மருத்துவமனை ஒன்றில் குடலிறக்க அறுவை நடந்தது. சீழோ காய்ச்சலோ இல்லாமல், நாள் குறித்துச் செய்தது. இத்தகைய அறுவைக்குத் தோலைக் கீறுவதற்கு முந்தைய 1 மணி நேரத்துக்குள் ஒரு வேளை ஆண்டிபயாட்டிக் ஊசி போதும், நீட்டினாலும் 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்பது நீங்கள் படித்த பாடம்தான். அவனுக்கோ மூன்று நாள் இருவேளையும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. வீடு திரும்பியபின் ஐந்து நாளுக்குச் செஃபிக்சிம் மாத்திரை. எதற்கென்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதுதான் சார்" என்றார் செவிலியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேஸ் ஷீட்டிலும் காரணம் இல்லை.

நானும் குற்றமற்றவன் அல்லன். "நாலு பவர் மாத்திரை குடுங்க" என்று வந்தவர்களுக்குச் சீட்டில்லாமல் ஆண்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறேன். 2014 மார்ச்சில், சில ஆண்டிபயாட்டிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தபின், நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்கும் கடமை எங்களுக்கு வந்தது. அதிலும் காரணத்துக்கு இடமில்லை.

காரணத்தை எழுத நேர்ந்தால் கை சற்று நிற்கும். மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் நம் பகுதியில் ஒருவகைச் சிறு உண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை எண்ணிப் பாருங்கள். செஃப்ட்ரியாக்சோன் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கேட்பதோ விலை குறைந்த டாக்சிசைக்ளினுக்கு. "காய்ச்சல்" என்று மட்டும் நினைத்து ஊசியைத் தொடங்கும் இடத்தில், "ஸ்க்ரப் டைபஸ் ஐயம்" என்று எழுத வேண்டியிருந்தால் உடம்பில் கடித்த இடத்தில் கருந்தழும்பு உண்டா என்று ஒருமுறை தேடியிருப்பீர்கள். வைரஸால் வரும் டெங்குக் காய்ச்சலுக்கோ எந்த ஆண்டிபயாட்டிக்கும் பயனில்லை.

செப்சிஸ் என்று, அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தான நிலையில், வருபவருக்குக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது என்பீர்கள். உண்மை, காத்திருக்கவும் கூடாது. ஆனால் முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும் மெரோபெனெம் போன்ற வீரியமான ஆண்டிபயாட்டிக்கை நிறுத்துவதா, எளிய மருந்துக்கு மாறுவதா என்று யாராவது பார்க்க வேண்டும். அந்தப் பார்வைதான் பல இடங்களில் இல்லை. ஆண்டிபயாட்டிக்கைத் தேவையின்றிக் கொடுத்தால் கிருமிகள் அதற்கு அடங்காமல் போகும்; அதுதான் மருந்தெதிர்ப்பு. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2013-இல் தொடங்கிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பின் முதன்மை மையங்களுள் ஒன்றான சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இருக்கும் வேலூரிலேயே இந்த நிலை என்பது உறுத்துகிறது.

ஆண்டிபயாட்டிக் எழுதும்போது காரணத்தைக் கட்டாயம் குறிப்பிடுமாறு ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரிகளுக்கும் மருத்துவர் சங்கங்களுக்கும் கடிதம் எழுதினார். ஆகவே அடுத்த முறை சீட்டுப் புத்தகம் அச்சடிக்கும்போது, மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் "எதற்காக", "எந்தத் தேதிவரை" என்ற இரண்டு கட்டங்களைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அவை காலியாக வந்தால் உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க மருந்தாளுநருக்கு அனுமதியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
குடியாத்தம்.