மங்கைக்கு, ஸ்டாக்டனிலிருந்து

ஸ்டாக்டன், கலிபோர்னியா
20 ஜூன் 2020

அன்புள்ள மங்கை,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். துவாக்குடிப் பட்டறை மார்ச் கடைசியில் பூட்டியது, பெல் (BHEL) கம்பெனி ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாது, வேலையாட்கள் ஆறு பேருக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்தாக வேண்டும், நடுவில் வீட்டு லோன் தவணை மாதம் 21,500. தவணையைத் தள்ளிவைக்கும் மாரட்டோரியம் கேட்டு பேங்க் வாசலில் நிற்க அண்ணனுக்கு மனசு வரவில்லை, அதனால் தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

வைக்காதே. மீதியை அப்புறம் சொல்கிறேன், இதை முதலில் கேள்.

உன்னிடம் பதினோரு வருடமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2009இல் நாங்கள் இந்த வீட்டை இழக்க இருந்தோம். நீ போன் செய்தபோதெல்லாம் "நல்லா இருக்கோம்டி" என்றுதான் சொன்னேன். வீட்டை 2006இல் வாங்கினோம். முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, பிறகு ஏறும் வகைக் கடன். 2008இல் தவணை ஏறியது, அடுத்த ஜனவரியில் ரகுவுக்கு வேலை போனது. விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம் என்றால், வீட்டின் விலை பாதிக்கும் கீழே வந்திருந்தது. விற்ற பிறகும் கடன் மிச்சமிருக்கும். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகள் ஏலத்துக்குப் போயின. அவற்றின் முன்னால் புல்வெளி காய்ந்து பழுத்துக் கிடந்ததை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருப்பேன். (பின்னால் 2012இல் ஸ்டாக்டன் நகர நிர்வாகமே திவால் மனு கொடுத்தது.)

அந்தப் பிப்ரவரியில்தான் ஒபாமா அரிசோனாவில் மேசா என்ற ஊரில் வீட்டுக்காரர்களுக்கான திட்டத்தை அறிவித்தார். 7,500 கோடி டாலர், 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் என்று சொன்னார்கள். தவணையை மாத வருமானத்தில் 31 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக முதலில் வட்டியை 2 சதவீதம் வரை குறைப்பார்கள், போதாவிட்டால் கடன் காலத்தை 40 வருடம் வரை நீட்டுவார்கள், அதுவும் போதாவிட்டால் அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் ஒதுக்கி வைப்பார்கள். ரகுவுக்கு ஒரு சின்ன வேலையும் எனக்குப் பள்ளிக்கூட வேலையும் சேர்ந்து அப்போது மாதம் 4,800 டாலர் வந்தது. கணக்குப்படி தவணை 1,488. மூன்று மாதம் அதைச் சோதனையாகக் கட்ட வேண்டும், பிறகு நிரந்தரம். அன்று இரவுதான் பல நாள் கழித்துத் தூங்கினேன்.

மூன்று மாதம் பத்து மாதமானது. பே ஸ்லிப், பேங்க் கணக்கு, வரிப் படிவம், எங்கள் கஷ்டத்தை விளக்கும் கடிதம் எல்லாவற்றையும் தவணை வசூலிக்கும் நிறுவனத்துக்கு ஃபேக்ஸ் செய்வேன். வரவில்லை என்பார்கள். மறுபடி அனுப்பினால், பே ஸ்லிப் பழையதாகிவிட்டது, புதிது வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள் பேசுவார். ஒரு பிரிவு சோதனைத் தவணையை வாங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பிரிவிலிருந்து ஏல நோட்டீஸ் வந்தது. கடைசியில், தாள்கள் முழுமையாக இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி, பத்து மாதமாகக் குறைத்துக் கட்டிய தொகை முழுவதையும் கட்டு என்று ஒரு கடிதம்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அரசு எங்களுக்கு நேராக உதவவில்லை. தவணை வசூலிக்கும் நிறுவனத்துக்கு ஒரு கடனைத் திருத்தினால் 1,000 டாலர் என்று கொடுத்து, அவர்கள் வழியாக உதவச் சொன்னது. அவர்கள் வசூலுக்காகவே இருப்பவர்கள். குடும்பம் குடும்பமாகக் கணக்குப் பார்க்க ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. திட்டம் 2016இல் முடிந்தபோது நிரந்தரமாகக் குறைந்த கடன்கள் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

நாங்கள் தப்பியது ஒரு இலவச ஆலோசனை மையத்தால். அரசு அங்கீகாரம் பெற்ற மையங்கள் அப்போதே ஊரெல்லாம் இருந்தன. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று ஒன்றரை வருடம் நான்தான் போகவில்லை. அங்கிருந்த அம்மாள் அரை மணி நேரத்தில், எங்கள் வருமானத்தையே தவறாகக் கூட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். 2011 மார்ச்சில் நிரந்தரக் கடிதம் கையில் வந்தது.

இந்த ஏப்ரலில் ரகுவுக்கு மறுபடி வேலை இல்லை. பழைய ஃபைலை எடுத்து, எல்லாத் தாளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு போன் செய்தேன். எங்கள் கடன் இப்போது ஃபேனி மே என்ற, அரசு ஆதரவுள்ள வீட்டுக் கடன் நிறுவனத்திடம் இருப்பதால் கொரோனாவுக்காக வந்த புதுச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். கொரோனாவால் வருமானம் போய்விட்டது என்று நம் வாயால் சொன்னால் போதும், 180 நாள் அவகாசம், வேண்டுமானால் இன்னொரு 180. ஒரு தாள்கூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன் மங்கை.

அந்தச் சட்டத்தில் டிரம்ப் கையெழுத்துப் போட்டது மார்ச் 27. உங்கள் ரிசர்வ் பேங்க் மாரட்டோரியம் அறிவித்ததும் அதே மார்ச் 27. ஆனால் இரண்டும் ஒன்றில்லை, அதை அண்ணன் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே கட்டாத தவணைகளைக் கடனின் கடைசிக்குத் தள்ளி, அதற்கு வட்டி போடாமல் விட வழி செய்திருக்கிறார்கள். அங்கே வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அசலோடு சேரும். 15 வருடம் பாக்கியுள்ள 30 லட்சம் கடனுக்கு மூன்று மாதம் தள்ளினாலே 2.34 லட்சம் கூடுதல் வட்டி, அதாவது எட்டுத் தவணை என்று ஸ்டேட் பேங்க்கே கணக்குக் காட்டியிருக்கிறது. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் நடக்கிறது. ஊரையே பூட்டச் சொன்னது அரசு. அதனால் நின்ற தவணைக்கு வட்டிக்கு வட்டி போடுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே முடிந்தவர்கள் எடுக்கக் கூடாது. ஆனால் உங்களால் முடியவில்லை. அடகுக்கடை வட்டி வீட்டு லோன் வட்டியைவிட அதிகம், கொடியை மீட்கப் பணமும் இதே பட்டறையிலிருந்துதான் வர வேண்டும். ஆகஸ்ட் 31 வரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் வந்தால் அந்த மாத வட்டியையாவது கட்டிவிடுங்கள், அசலில் ஏறாது. தவணை கூடுமா, வருடம் கூடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பத்து மாதம் நான் பட்டது போதும்.

அண்ணனிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு, ரகுவும் அதைத்தான் சொன்னார். திங்கள்கிழமை பேங்க்குக்குப் போனால் லோன் கணக்குத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறோம்.

அன்புடன்,
கீதா