எங்கள் பிள்ளைகள் எழுதியதை வாசித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

பெரியவள் போன மாதம், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுகளை எழுதி முடித்தாள். தமிழ்த் தேர்வு முடிந்து வெளியே வந்ததும், "நேரம் பத்தலைம்மா, இன்னும் எழுத இருந்துச்சு" என்றாள். அதைக் கேட்ட பிறகு இந்த மடலை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பிள்ளை அரைப் பக்கம் எழுதுவதற்குள் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுவாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு மதுரையில். பெரியவள் ஏழாம் வகுப்போடு பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள், சின்னவன் பள்ளிக்குப் போனதே இல்லை. ஹோம்ஸ்கூலிங்தான். கணக்கை நானும் அவர்கள் அப்பாவும் பார்த்துக்கொண்டோம், அறிவியலுக்கு அடுப்படியும் மொட்டைமாடியும் போதுமாக இருந்தது, வாசிப்புக்குக் குறையே இல்லை. எழுத்தில்தான் மாட்டிக்கொண்டோம். கதை சொல்லச் சொன்னால் ராத்திரி பத்து மணி வரை சொல்வார்கள், 'அதையே எழுதேன்' என்றால் நாலு வரியில் முடிந்துவிடும். நான் திருத்தினால் சண்டை. காலையில் பல் தேய்க்கச் சொல்லி விரட்டிய அதே குரல் சாயங்காலம் "இங்கே ஒற்று விட்டுப்போச்சு பாரு" என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

உதவி தேடி நிறைய அலைந்தேன். ஒரு டியூஷன் சென்டரில் "எந்த ஸ்கூல், எந்த போர்டு" என்று கேட்டார்கள், பதில் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. கையெழுத்துப் பயிற்சி வகுப்பில் மூன்று மாதம் சேர்த்தேன். எழுத்து முத்து முத்தாக வந்தது, எழுத விஷயம்தான் வரவில்லை. ஒரு கட்டுரைப் போட்டிக்கு ஆசை ஆசையாக எழுதினாள், விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தால் தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் கேட்டிருந்தார்கள். அந்தத் தாள் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் கோயம்புத்தூர் அக்காவோடு போனில் பேசினேன். மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்து ஆளாக்கியவர், அதுவரை முகம்கூடப் பார்த்ததில்லை. நான் புலம்பி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்து வகுப்புன்னு தேடாதீங்க. உங்க பிள்ளை எழுதினதை வாசிக்க ஒரு ஆளைத் தேடுங்க. நீங்க இல்லாத ஒரு ஆள்" என்றார். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறதோ இல்லையோ, நோட்டு இன்னொருவர் கைக்குப் போகிறது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது. எங்கள் வீட்டில் எழுதிய தாளுக்குப் போகிற இடமே இல்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் அந்தப் பிள்ளை எப்படி எழுதும்?

சரி, ஆளை எங்கே தேடுவது? எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. இத்தனை வருடமாக அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. உறுப்பினர் ஆக்கப் பெரியவளைக் கூட்டிக்கொண்டு போனபோது, பள்ளியிலிருந்து எதுவும் எழுதி வாங்கிவர முடியாதே என்று நான் இழுத்தேன். "நூலகத்துக்கு எதுக்கும்மா ஸ்கூல்? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருந்தா கொடுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் பதிவேட்டைத் திறந்தீர்கள், நூலகர் அம்மா. ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அவளிடம் மட்டும், "என்ன எழுதுவ?" என்று கேட்டீர்கள். என்ன படிப்பாய் என்று எல்லாரும் கேட்பார்கள், என்ன எழுதுவாய் என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்று கட்டுகிறோம் இல்லையா, அது எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாதான் பிள்ளைகளுக்குச் சொன்னார். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். "ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டுன்னு அவர் 1931-லேயே சொல்லிட்டார், உன் நோட்டும் அதுல சேர்த்திதான், உனக்கும் ஒரு வாசகர் இங்க இருப்பார், சனிக்கிழமை மூணு மணிக்கு வா" என்றார்.

அப்படித்தான் ஐயா கிடைத்தார்.

அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பேப்பர் படிக்க வருவார், ஜன்னலோரம் இருக்கிற மர நாற்காலிதான் அவர் இடம். சிவப்பு மை பேனா அவரிடம் கிடையாது, சட்டைப்பையில் ஒரு பென்சில் இருக்கும், அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை சின்னவனும் கூடவே வந்துவிட்டான். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தான்: லாரி வரும், எல்லாரும் சண்டை போடுவார்கள், பிறகு போய்விடும். ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த மூன்று வரியை இரண்டு தடவை வாசித்தார். 'சண்டை' என்ற சொல்லுக்கு அடியில் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினார்: "முதல் குடம் யாருடையது?"

சின்னவன் சிரித்துவிட்டான். முதல் குடம் மூலை வீட்டு ஆச்சியுடையது, பச்சைக் குடம், முந்தின நாள் ராத்திரியே கொண்டுவந்து வைத்துவிடுவார், அதில் தண்ணீர் பிடிக்க முடியாது, அடியில் ஓட்டை, இடம் பிடிக்க மட்டும்தான், லாரி வந்ததும் வேறு குடத்தை எடுத்துவருவார் என்று மூச்சுவிடாமல் சொன்னான். "இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டான். "இதைத்தான் எழுதணும்" என்றார் ஐயா. அடுத்த வாரம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

பெரியவளிடம் வேறு மாதிரி. அவள் எழுதியதை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்வார். 'பாலை குடித்தான்' என்று எழுதியிருப்பாள், வாசிக்கும்போது வாய் தானாகவே 'பாலைக் குடித்தான்' என்று சொல்லிவிடும். "காது போட்ட 'க்'கை கை ஏன் போடலை?" என்று கேட்பார். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று நான் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியபோது நடக்காத காரியம் இப்படி நடந்தது. காதுக்குத் தெரியாத பிழைகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கம். 'சட்டையில் கரை' என்று எழுதினாள் ஒரு தடவை. கரைக்கும் கறைக்கும், பனிக்கும் பணிக்கும் அவளே ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் திருத்தமாட்டார். மற்ற பிழைகள் அப்படியே இருக்கும். எனக்கு ஆரம்பத்தில் இது பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன். "எல்லாத்தையும் இன்னைக்கே திருத்தினா அடுத்த வாரம் திருத்த அவ எழுத மாட்டா" என்றார். அன்றிலிருந்து நான் வாய் திறக்கவில்லை.

திறந்தநிலைப் பள்ளிப் பாடங்களுக்கு வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்பு ஒன்று உண்டு, அதற்கு 20 சதவீத மதிப்பெண். சமூக அறிவியல், மனையியல் என்று ஒவ்வொன்றுக்கும் விடை எழுத வேண்டும். விடையை எங்கிருந்தாவது பார்த்து எழுதிவிடலாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். ஐயா ஒரு விடையையும் சொல்லித் தரவில்லை. கேள்வியை முதலில் உன் சொல்லில் எழுது, அப்புறம் பதில் என்பார், அவ்வளவுதான். தேர்வறையில் அது எவ்வளவு கைகொடுத்தது என்று அவளே சொன்னாள். ஐயா, இத்தனைக்கும் நீங்கள் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வீட்டுக் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை மட்டும், அதுவும் நாலு காய்க்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

சனிக்கிழமைகளில் பிறகு இன்னும் நாலு குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மழை நாளில் கிளை நூலகத்தில் இடம் போதாது, அப்போது புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போவோம். திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தம்பதிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கீழடி அருங்காட்சியகத்துக்கு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போக வேன் பிடித்தது அவர்கள்தான். அங்கே பானை ஓட்டில் கீறியிருக்கிற தமிழி எழுத்துகளுக்கு, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்துக்கு, முன்னால் பிள்ளைகள் ரொம்ப நேரம் நின்றார்கள். 'ஆதன்' என்று ஒருவரின் பெயர். "பேரை மட்டும் எழுதிட்டு விட்டுட்டாரே" என்றான் சின்னவன். மற்றதை நீங்கள் எழுதுங்கள் என்று அந்தத் திருநகர் அண்ணன் சொன்னார். ஐந்து பிள்ளைகள் ஐந்து ஆதன்களை எழுதினார்கள், ஒருவர் குயவர், ஒருவர் கடன் வாங்கியவர், பெரியவளுடைய ஆதனுக்கு அந்தப் பானையைக் கொடுக்க மனமில்லை. ஐந்தையும் ஐயா வாசித்தார், ஐந்துக்கும் ஓரத்தில் ஒரு கேள்வி இருந்தது.

திருநெல்வேலி சித்தி, உங்களை விட்டுவிடுவேனா. 50 பைசா அஞ்சலட்டையில் மாதம் இரண்டு தடவை சின்னவனுக்கு எழுதுகிறீர்கள், அவன் பதில் போடவில்லை என்றால் "தபால்காரர் உன் வீட்டு வழியை மறந்துட்டாரா" என்று மறுபடி ஒரு அட்டை வரும். நாலு வரிக்கு மேல் எழுதாத பிள்ளை இப்போது அட்டையில் இடம் போதவில்லை என்று முகவரிப் பக்கம் வரை எழுதி நிரப்புகிறான். அந்த அட்டைகளை வாங்கப் போய்த்தான் தபால் நிலையத்தில் ஒரு அம்மா 'டாய் ஆகர்' கடிதப் போட்டியைப் பற்றிச் சொன்னார். அஞ்சல் துறை நடத்துவது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு, இன்லாண்ட் லெட்டரில் 500 சொல் அல்லது உறையில் 1000 சொல், கையால் எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். பீரோவில் கிடக்கிற அந்தப் பழைய தாளை நினைத்துக்கொண்டேதான் அவளை எழுதச் சொன்னேன். எழுதினாள், தபால் பெட்டியில் அவள் கையாலேயே போட்டாள். பரிசு வரவில்லை. ஆனால் போட்டு முடித்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அடுத்த வருடம் என்ன எழுதுவேன் என்றுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

ஐயாவுக்குப் போன வாரம் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் இப்போது பிள்ளைகள் அவர் வீட்டுக்கே போய் அவரவர் எழுதியதை வாசித்துக் காட்டுகிறார்கள், பென்சில் பெரியவள் கையில். அவர் கேட்கிற கேள்வியை அவள்தான் ஓரத்தில் எழுதுகிறாள்.

இந்த மடலையும் நேற்று வாசித்துக் காட்டினாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஐயா ஒன்றுதான் கேட்டாராம்: "ஜெராக்ஸ் கடைத் தம்பி எங்கே?"

உண்மைதான், விட்டுவிட்டேன். நூலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிற தம்பி, போன தீபாவளிக்குப் பிள்ளைகள் எழுதியதையெல்லாம் சேர்த்து இருபத்துநாலு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று நாங்கள் வந்தபோது, கடையை மூடிய பிறகு உட்கார்ந்து பக்கம் பக்கமாக டைப் செய்து கொடுத்தீர்கள். முப்பது பிரதி எடுத்து நடுவில் பின் அடித்து அடுக்கினீர்கள், தாளுக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள். அதில் ஒரு பிரதி உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்குகிறது, ஜெராக்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள் என்று சின்னவன் வந்து சொன்னான். தண்ணீர் லாரிப் பக்கம் ரொம்ப அழுக்காகிவிட்டதாம். நன்றி தம்பி.