சைக்கிளை விக்காதீங்கண்ணே

அண்ணே,

நேத்து ராத்திரி பதினொன்னரைக்கு நம்ம ட்ரெயினிங் குரூப்ல ஒரு போட்டோ போட்டீங்க. சைக்கிள் சுவத்துல சாஞ்சு நிக்குது, கீழ "விற்பனைக்கு, அதிகம் ஓட்டாதது"ன்னு ஒரு வரி. அதிகம் ஓட்டாததா? நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் அடுத்தடுத்து வர்ற ட்ரையத்லான் ரேஸுக்காக எட்டு மாசமா வாராவாரம் என் பின்னாடி வந்து "டேய் கொஞ்சம் மெதுவா போடா"ன்னு கத்துனது யாரு? போன் அடிச்சா எடுக்கல, மெசேஜ் ப்ளூ டிக் ஆகுது ஆனா பதில் இல்ல, அதான் இங்க வந்து எழுதுறேன். நாலு பேர் படிச்சா படிக்கட்டும், முதல் ரேஸ்ல தண்ணியில இருந்து படகுல திரும்பி வந்தவங்க ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க, அவங்களுக்கும் இது ஆகும்.

ஏரியில நடந்த உங்க முதல் ரேஸ் அன்னிக்கு, நீச்சல் பாதியில நீங்க படகுல ஏறின அன்னிக்கு, நான் உங்களுக்கு முந்தின வேவ்ல (கூட்டம் கூட்டமா பிரிச்சு அனுப்புவாங்கல்ல, அதுல) போயிட்டேன், அதனால நடந்ததை நான் பாக்கல. நான் ரேஸ் முடிச்சிட்டு சைக்கிள், ஷூ எல்லாம் வச்சு மாறுற ட்ரான்ஸிஷன் ஏரியா வேலிக்கு வெளிய நின்னு உங்க இடத்தையே பார்த்துட்டு இருந்தேன். ஷூவை நல்லா வாய் திறந்து வச்சிருந்தீங்க, உள்ள பவுடர் போட்டு, சாக்ஸை பாதி சுருட்டி மேல வச்சு, ஹெல்மெட்டை கவுத்து அதுக்குள்ள கூலிங் கிளாஸ், அத்தனை நேர்த்தி. சுத்தி இருந்த சைக்கிள் எல்லாம் போய் திரும்பியே வந்துருச்சு, உங்களுது மட்டும் நின்ன இடத்துல நிக்குது. அப்புறம் தான் ஒரு துண்டை போத்திக்கிட்டு நீங்க அந்தப் பக்கமா நடந்து வந்தீங்க. நான் "என்னண்ணே ஆச்சு"ன்னு கேட்டேன், "நமக்கு நீச்சல் வரலடா"ன்னு சொல்லிட்டு போயிட்டீங்க.

அது தப்பு. உங்களுக்கு நீச்சல் வரும். நீங்க இறங்கின ஸ்பிரின்ட் டிஸ்டன்ஸ்ல, அதாவது சின்ன ட்ரையத்லான்ல, நீச்சல் 750 மீட்டர், 25 மீட்டர் பூல்ல கணக்கு போட்டா 30 லேப், நீங்க ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நிக்காம 40 லேப் போட்டீங்க, கரையில உக்காந்து எண்ணினவன் நான். அப்ப அன்னிக்கு கைவிட்டது நீச்சல் இல்ல, வேற என்னமோ. அது என்னன்னு தெரியாம சைக்கிளை விக்கிறது, பல் வலிக்குதுன்னு செருப்பை மாத்துற மாதிரி இருக்கு.

யோசிச்சு பாருங்க. பூல்ல 25 மீட்டருக்கு ஒரு சுவர் இருக்கு, 750 மீட்டர்ல 29 தடவை சுவத்தை தொட்டு காலால உதைச்சு கிளம்புறோம், ஒவ்வொரு உதையிலயும் ரெண்டு மூணு மீட்டர் சும்மா வழுக்கிட்டு போறோம், அதுதான் நமக்கு தெரியாமலே கிடைக்கிற ரெஸ்ட். ஏரியில அது ஒன்னு கூட கிடையாது. அடியில கோடு கிடையாது, கையை நீட்டினா விரல் நுனி தெரியாது, ஒருத்தன் கால் உங்க மூஞ்சியில படுது, இன்னொருத்தன் கை முதுகு மேல விழுது. இதுல ஒரு தடவை கூட நீங்க அதுக்கு முன்னாடி இறங்கினதே இல்ல. அதுக்கு காரணம் நான்தான், ஒத்துக்கிறேன். "அதெல்லாம் பூல்ல போட்டா போதும்ணே, ஏரியில தானா வந்துரும்"னு சொன்ன வாயை இப்ப என்ன பண்றது.

அடுத்தது மூச்சு. ஜில்லுன்னு இருக்கிற தண்ணியில திடீர்னு இறங்கினா உடம்பு தானா மூச்சை இழுக்கும், அப்புறம் தொடர்ந்து வேகவேகமா வாங்கும். இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல, எல்லா உடம்புக்கும் உள்ள ரிஃப்ளெக்ஸ், முதல் நிமிஷம் தான் மோசம், ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிரும். ஆனா அந்த ரெண்டு நிமிஷமும் ஹார்ன் அடிச்ச உடனே வர்ற ரெண்டு நிமிஷமா இருந்தா என்ன ஆகும்? கூட்டத்தோட சேர்ந்து நீங்களும் வேகமா அடிக்கிறீங்க, மூச்சை உள்ள இழுக்கிறீங்க, வெளிய விட மறக்கிறீங்க, நெஞ்சுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறுது, மூளை "காத்து பத்தல"ன்னு அலறுது, நீங்க இன்னும் இழுக்கிறீங்க. உண்மையில பத்தாதது காத்து இல்ல, வெளிய விடுறது. தண்ணிக்குள்ள முகம் இருக்கும்போதே "ம்ம்ம்ம்"னு ஹம் பண்ணிக்கிட்டே குமிழி விட்டுப் பாருங்க, சிரிப்பா இருக்கும், ஆனா வேலை செய்யும். ஸ்டார்ட்டுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே தண்ணியில இறங்கி முகத்தை முக்கி முக்கி எடுத்து, கொஞ்ச தூரம் நீந்தி, உடம்பை பழக்கி வச்சிருக்கணும். அந்த பத்து நிமிஷம் நீங்க கரையில நின்னு புது வாட்ச்ல ஜிபிஎஸ் தேடிட்டு இருந்தீங்க, நான் பார்த்தேன்.

இன்னொன்னு சொல்றேன், கோவப்படாதீங்க. பாதுகாப்புக்கு நிக்கிற அந்த சின்னத் துடுப்புப் படகை, கயாக்கை, பிடிச்ச உடனே ரேஸ் முடிஞ்சுருச்சுன்னு நினைச்சீங்களாமே? யாருண்ணே சொன்னது? நம்மள மாதிரி அமெச்சூர் ரேஸ்ல கயாக்கையோ மிதவையையோ பிடிச்சிக்கிட்டு மூச்சு வாங்கலாம், அதை வச்சு முன்னாடி நகரக்கூடாது, அவ்ளோதான் ரூல். ஒரு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ பிடிச்சு நின்னுட்டு திரும்ப கிளம்பலாம், கட் ஆஃப் டைமுக்குள்ள வந்தா சரி. ஃப்ரீஸ்டைல் தான் போடணும்னு கூட கிடையாது, பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போடலாம், மல்லாக்க மிதக்கலாம். இதெல்லாம் முந்தின நாள் பிரீஃபிங்ல சொன்னாங்க, நீங்க அப்ப வெளிய போய் டயர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு பார்த்துட்டு இருந்தீங்க. படகுல ஏறினதுக்கு அப்புறம் தான் டிஎன்எஃப் (ரேஸ் முடிக்கலன்னு கணக்கு), பிடிச்சதுக்கு இல்ல.

ஆனா ஒரு விஷயத்துல விளையாட்டே கிடையாது. இந்த ஸ்போர்ட்ல ரேஸ் அன்னிக்கு நடக்கிற சாவுல பெரும்பாலானது நீச்சல்ல தான் நடக்குது, அதுலயும் நிறைய இதயம் சம்பந்தப்பட்டது, நடுத்தர வயசு ஆம்பளைங்க தான் அதிகம். உங்களுக்கு 51. அன்னிக்கு வந்தது வெறும் பதட்டமா இல்ல வேற ஏதாவதான்னு நீங்களும் நானும் முடிவு பண்ணக்கூடாது. நெஞ்சை யாரோ அழுத்துற மாதிரி இருந்துச்சுன்னு அண்ணிகிட்ட சொன்னீங்களாம். தண்ணியில இருமல் வந்து நுரையா, ரோஸ் கலர்ல ஏதாவது துப்பினீங்களா? நீச்சல்ல நுரையீரல்ல நீர் கோக்கிறதுன்னு ஒன்னு இருக்கு, அதோட அடையாளம் அது. டாக்டர்கிட்ட போய் ஒன்னு விடாம சொல்லி, அவர் சொல்ற டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு, அவர் சரின்னு சொன்னா மட்டும் தான் இந்த லெட்டரோட மீதி. அதுக்கு முன்னாடி தண்ணி பக்கமே வராதீங்க.

என் முதல் ரேஸை பத்தி உங்ககிட்ட நான் முழுசா சொன்னதே இல்ல. ஒலிம்பிக் டிஸ்டன்ஸ், 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். நீச்சல்ல பின்தங்கிட்டேன்னு சைக்கிள்ல ஏறின உடனே நாய் துரத்துற மாதிரி மிதிச்சேன், ஒவ்வொருத்தரா முந்துறப்ப என்னா சந்தோஷம், மனசுக்குள்ள மெடலே வாங்கிட்டேன். இறங்கி ஓட ஆரம்பிச்சா கால் என்னுது இல்ல. யாரோ ரெண்டு மரக்கட்டையை இடுப்புல மாட்டி விட்ட மாதிரி. அதுக்குத் தான் பிரிக் ட்ரெயினிங்னு சைக்கிள் முடிச்ச உடனே ஓடி பழகுறதுன்னு அப்பல்லாம் எனக்கு யாரும் சொல்லல, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இதுல ஒரு முன்னூறு மீட்டர் ஓடினதுக்கு அப்புறம் தான் ஒரு சின்னப்பொண்ணு கை நீட்டி சிரிச்சுது, என்னடான்னு தலையை தொட்டுப் பார்த்தா ஹெல்மெட் இன்னும் தலையில. திரும்பிப் போய் வச்சுட்டு வந்தேன். சைக்கிள்ல நான் முந்தின அத்தனை பேரும், ஒருத்தர் விடாம, ஓட்டத்துல என்னைத் தாண்டி போனாங்க. அந்த 10 கிலோமீட்டருக்கு 1 மணி 24 நிமிஷம், பாதி நடை.

நான் முடிச்சேன், நீங்க முடிக்கல, அதான வித்தியாசம்னு கேப்பீங்க. 1978ல ஹவாயில அயர்ன்மேன்ங்கிற ரொம்ப நீளமான ட்ரையத்லான் முதல் தடவை நடந்தப்போ மொத்தமே 15 பேர் தான் கிளம்பினாங்க, 12 பேர் முடிச்சாங்க. நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, அப்புறம் ஒரு முழு மாரத்தான். ஜெயிச்ச கார்டன் ஹாலர் எடுத்த நேரம் 11 மணி 46 நிமிஷம். ரெண்டாவது வந்த ஜான் டன்பார் ஓட்டம் ஆரம்பிக்கிறப்ப லீடிங்ல இருந்தவர், அவரோட சப்போர்ட் ஆளுங்ககிட்ட தண்ணி தீர்ந்து போய் பீரை குடுத்திருக்காங்க, குடிச்சுட்டு ஓடினாரு. அந்த லட்சணத்துல ஆரம்பிச்ச விளையாட்டுண்ணே இது. முடிக்காத அந்த மூணு பேரும் 15 பேர்ல சேர்த்தி தான்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள கிறிஸ் நிகிக் 2020ல ஃப்ளோரிடாவுல ஃபுல் அயர்ன்மேன் முடிச்சாரு, அப்படி முடிச்ச முதல் ஆள் அவர்தான். சைக்கிள்ல விழுந்தாரு, நிறுத்தின இடத்துல எறும்பு கடிச்சு வச்சுருச்சு, கட் ஆஃப் 17 மணி நேரம், அவர் வந்தது 16 மணி 46 நிமிஷம் 9 செகண்ட். எனக்கு இதுல பிடிச்சது கடைசியில மிஞ்சின அந்த 14 நிமிஷம் தான், எங்கயோ ஒரு இடத்துல பதினஞ்சு நிமிஷம் "நமக்கு வராது"ன்னு உக்காந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும். கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012ல 82 வயசுல அயர்ன்மேன் முடிச்சாங்க. நீங்க உங்க வயசை பத்தி இனிமே என்கிட்ட பேசக்கூடாது.

சைக்கிள் விஷயமும் சொல்லிடறேன். காத்தை கிழிச்சுட்டு போறதுக்குன்னு செய்யிற அந்த ஏரோ ஹெல்மெட்டை வாங்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஸ்பிரின்ட்ல சைக்கிள் 20 கிலோமீட்டர் தான், பிரேக் பிடிக்கிற எந்த சைக்கிளும் போதும், ஹெல்மெட் பக்கிளை மாட்டிட்டு தான் சைக்கிளை தொடணும், அது தெரிஞ்சா பாதி ரேஸ் வந்த மாதிரி. நம்ம ஆளுங்களுக்கு எந்த பயம் வந்தாலும் அதுக்கு ஒரு பொருள் வாங்கி வைக்கிற வியாதி இருக்கு (எனக்கும் தான், என் வீட்ல மிதிக்கிற சக்தியை அளக்கிற பவர் மீட்டர் மூணு இருக்கு, ஒன்னு தான் வேலை செய்யுது). நீங்க தண்ணிக்கு பயந்தீங்க, சைக்கிளுக்கு செலவு பண்ணீங்க.

நேத்து அண்ணிகிட்ட பேசினேன். சைக்கிள் போனா போகட்டும்னு தான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, "இப்பவும் காலையில நாலரைக்கு எந்திரிச்சுடறாருப்பா, எந்திரிச்சு ஷூ போட்டுக்கிட்டு ஹால்ல லைட் போடாம உக்காந்திருக்காரு, அஞ்சரை ஆனதும் கழட்டி வச்சுட்டு பேப்பர் எடுத்துக்கிறாரு". அதை கேட்டதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல.

அதனால நான் என்ன யோசிச்சு வச்சிருக்கேன்னா, டாக்டர் ஓகே சொன்ன அடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு ஏரிக்கரையில நிப்பேன். ரெண்டு பேர் இடுப்புலயும் ஆரஞ்சு மிதவை கட்டிக்குவோம், தனியா யாரும் இறங்க வேண்டாம். முதல் நாள் நீந்தவே வேண்டாம், கழுத்தளவுல நின்னு குமிழி விடுவோம், மல்லாக்க மிதப்போம், நான் வேணும்னே உங்க மேல தண்ணி அடிப்பேன், காலை பிடிச்சு இழுப்பேன், திட்டிக்கோங்க. ரெண்டாவது வாரம் 50 மீட்டர் போய் திரும்புவோம். அப்புறம் சைட்டிங் பழகணும், ஆறேழு கை போட்டதும் முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கி எதிர்ல ஒரு மரத்தையோ மிதவையையோ பார்த்துக்கிறது, தலையை முழுசா தூக்கினீங்கன்னா இடுப்பு கீழ போயிரும், அன்னிக்கு உங்களுக்கு கால் கனத்ததுக்கு அதுவும் காரணமா இருந்திருக்கும். ரேஸ் அன்னிக்கு ஹார்ன் அடிச்சதும் பத்து எண்ணிட்டு, எல்லாரும் போனதுக்கு அப்புறம், ஓரமா கிளம்புங்க. ஒரு நிமிஷம் தான் நஷ்டம். வழியில ஒரு கயாக்கை வேணும்னே பிடிச்சு, அந்த ஆள்கிட்ட குட் மார்னிங் சொல்லிட்டு போங்க.

உங்க மஞ்சத் தொப்பி அன்னிக்கு வேலிகிட்ட விழுந்து கிடந்துச்சு, எடுத்து என் பையில வச்சிருக்கேன், உள்ள இன்னும் மணல் இருக்கு, நான் கழுவல. ஞாயித்துக்கிழமை குடுக்கிறேன். சைக்கிளை கொண்டு வராதீங்க, தண்ணி மட்டும் தான். ஆனா அந்த போட்டோவை இப்பவே டெலீட் பண்ணிருங்க, ஒருத்தன் விலை கேக்க ஆரம்பிச்சுட்டான்.