காரின் கோளாறுக் கோடை (code) அழிக்கும் முன் – நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமானதையும் உன் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலம். ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, பழைய வாடிக்கையாளர் யாராவது வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவதால் என் நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போனபாடில்லை. உன் கடிதத்திலும் பாதிக்கு மேல் காரைப் பற்றித்தான் இருக்கிறது. ஆகவே நேராக அதற்கே வந்துவிடுகிறேன்.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, ஓட்டத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி பி0171 என்ற கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), பார்த்து அழித்துவிட்டார், சில நாட்களில் விளக்கு மறுபடியும் வந்தது, இப்போது ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார்: நீ எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவு. சென்சாரை மாற்றிவிடலாமா, அல்லது ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் அவசரத்தைப் பற்றி. விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா என்று நீ எழுதவில்லை. நிலையாக எரிந்து, வண்டியும் இழுவை குறையாமல் ஓடினால், பதறாமல் ஓட்டிக்கொண்டு போய் நேரம் பார்த்துக் காட்டலாம். மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது என்றும், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுக்கக்கூடும் என்றும் அதற்குப் பொருள். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, பாரம் கொடுக்காமல், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திவிட வேண்டும். ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்குகள் இந்தக் கணக்கிலேயே சேராதவை. அவை எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகு ஏன் இந்த விளக்கு என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். இந்த ஏற்பாடு பிறந்ததே புகையைக் கட்டுப்படுத்தத்தான். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து ஓபிடி 2 என்ற, வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அதற்கு இணையான விதி வந்தது. புகையின் தரத்தைக் கெடுக்கக்கூடிய பழுது எதையும் இன்ஜினின் கணினி கண்டுபிடித்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்பதே அந்த விதிகளின் சாரம். ஓட்டுகிறவனுக்கு உறைக்காத கோளாறும் கணினிக்கு உறைப்பது அதனால்தான். பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூட, ஆவி கசிகிறது என்று சில வண்டிகளில் விளக்கு எரியும். அதே சமயம், பெரும்பாலான கோளாறுகளை ஒரே ஓட்டத்தில் பார்த்ததும் கணினி விளக்கைப் போட்டுவிடுவதில்லை. முதல் முறை மனத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தென்பட்டால்தான் போடுகிறது. ஆகவே உன் வண்டியில் அழித்த பிறகும் மீண்டும் வந்திருக்கிறது என்றால், அது ஏதோ ஒரு நொடித் தடுமாற்றம் அன்று.

இனி உன் கோடுக்கு வருகிறேன். பி0171 என்றால், முதல் பேங்கில், அதாவது இன்ஜினின் முதல் சிலிண்டர் வரிசையில், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது கலவையின் சரியான கணக்கு. எரிந்து வெளியேறும் வாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அந்த ஆக்சிஜன் சென்சார் முகர்ந்து பார்த்துச் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது. இப்படிக் கூட்டிக் கூட்டி, இதற்கு மேல் கூட்டுவது முறையல்ல என்ற எல்லையைத் தொட்டபோதுதான் உன் விளக்கு எரிந்திருக்கிறது. இந்த நிலையில் சென்சாரைக் கழற்றி எறிவது, கெட்ட சேதி கொண்டுவந்த தூதனைத் தண்டிப்பதைப் போன்றது. தூதனே பொய் சொல்வதும் உண்டு, மறுக்கவில்லை; ஆனால் அதைச் சோதித்து அறிந்துகொண்ட பிறகல்லவா மாற்ற வேண்டும்?

சோதிப்பது பெரிய வித்தையும் அன்று. உன் மெக்கானிக்கிடம் இருக்கும் அதே ஸ்கேனரில், கோடு பார்க்கும் பக்கத்தை விட்டு லைவ் டேட்டா என்ற பக்கத்துக்குப் போனால், ஃபியூயல் டிரிம் என்று சதவீதத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதற்கான கணக்கு அது. குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள் வரும். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான இன்ஜினில் அந்தக் கூட்டுத்தொகை பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் ஏறியிறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஒரு முறையும், 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) சற்று நேரம் நிறுத்தி வைத்து ஒரு முறையும் அதைக் குறித்துக்கொள்ளச் சொல். உள்ளே வரும் காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரால் அளக்கும் வண்டியாக இருந்து, ஐடிலில் 20க்கு மேல் காட்டிய எண் 2,500இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால், அந்தச் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று ஏறக்குறையத் தீர்மானிக்கலாம். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அதில் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடக் கூட அந்தப் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, பாரம் ஏற ஏற எண்ணும் ஏறினால், சந்தேகம் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் திரும்ப வேண்டும். பம்ப்பின் மேல் பழி போடும் முன் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது அவசியம்.

ஓட்டையைத் தேடுவதில்தான் பொறுமை தேவை. நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் அது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பிரியும் ரப்பர் குழாயின் வளைவிலேயே இருந்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் குழாய் புத்தம் புதிதுபோல் இருக்கும். அடிப்பக்கத்தை விரலால் தடவி லேசாக மடக்கினால்தான் பிளவு வாய் திறக்கும், இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் மெல்லிய சீறலும் கேட்கும். புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் காட்டும் கருவி இருந்தால் வேலை சுலபம். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான இன்ஜின் மேல் அடித்துத் தேடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் எனக்கு அது ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை, நீ வீட்டில் அதை முயலவே வேண்டாம்.

சென்சாரைப் பற்றிய ஐயத்தையும் அதே லைவ் டேட்டாவில் தீர்த்துக்கொள்ளலாம். பழைய வகைச் சென்சாராக இருந்தால் அதன் வோல்டேஜ் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாட வேண்டும். கலவையை வேண்டுமென்றே ரிச் ஆக்கி, அதாவது பெட்ரோலை மிகுதியாக்கிப் பார்த்தும் அது அடிமட்டத்திலேயே கிடந்தால், அப்போது மாற்றுவதில் நியாயம் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் கலவையின் அளவை இன்னும் துல்லியமாகச் சொல்லும் வைட்பேண்ட் வகை வருகிறது. அதை இந்தக் கணக்கால் அளக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை அழிப்பது பழுது பார்ப்பது ஆகாது என்பது உனக்கே தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அதில் இருக்கிறது. கோடு பதிவாகும் கணத்தில் இன்ஜினின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் கணினி எடுத்து வைக்கிறது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். கூடவே, கணினி தானாகச் செய்து முடித்திருந்த சுயபரிசோதனைகள் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். புகைப் பரிசோதனைக்கு ஸ்கேனர் செருகிப் பார்க்கும் நாடுகளில் அவை முடியாத வண்டிக்குச் சான்றிதழ் கிடைப்பது கடினம். பழுது உண்மையிலேயே தீர்ந்துவிட்டால், கோளாறு தென்படாத மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பிறகு அழிக்க என்ன அவசரம்?

அப்படியே விட்டுவிடும் யோசனையையும் நான் ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. லீன் கலவை முற்றினால் மிஸ் ஆகத் தொடங்கும், அது கன்வர்ட்டரில் போய் முடியும். அதோடு, இத்தனை கோளாறுகளுக்கும் இருப்பது ஒரே ஒரு விளக்கு. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, நாளை இன்னொரு பழுது வந்தால் எப்படி உன்னை எச்சரிக்கும்? கறுப்பு டேப்பை ஒட்டி மறைத்துவிடலாமா என்று நீ விளையாட்டாக எழுதியிருந்தாலும், அப்படி ஒட்டிய டேஷ்போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உன் மெக்கானிக்கைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்தும்போது, கோடின் பெயருக்கு அருகில் இருக்கும் பாகத்தை மாற்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். நீ அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எந்த அளவைப் பார்த்துச் சென்சார் என்று முடிவு செய்தீர்கள் என்று பணிவாகக் கேள். அவர் எண்களை எடுத்துக் காட்டினால் தாராளமாக மாற்றிக்கொள். காட்ட முடியாவிட்டால், ஒரு மணி நேரச் சோதனைக்குரிய கூலியைத் தனியாகத் தருவதாகச் சொல். பாகத்துக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

இந்த முறை கோடு மீண்டும் பதிவாகியிருப்பதால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் இருக்கும். அழிக்கும் முன் அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பு. ஐடிலிலும் 2,500இலும் கிடைக்கும் ஃபியூயல் டிரிம் எண்களையும், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏர் ஃபில்டரை அண்மையில் யாராவது கழற்றினார்களா என்பதையும் சேர்த்து எழுது. ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைச் சரியாக மாட்டாமல் விட்டதால் இதே கோடு வந்த வண்டிகளும் உண்டு. அதை மட்டும் நீயே இன்று பானெட்டைத் திறந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்
கதிரேசன்