பீரோவில் பூட்டிய மருத்துவ உயில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குணமாக வழியில்லை என்றான கட்டத்தில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சைகள் வேண்டாம் என்று முன்கூட்டியே 'மருத்துவ உயில்' எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் உறுதிசெய்தது. மாஜிஸ்திரேட் மேலொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனை 2023 ஜனவரியில் நீங்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். எழுதுவது எளிதாகிவிட்டது, எழுதியது மருத்துவர் கைக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு.

'உயில்' என்ற சொல்லே பலரைக் குழப்பிவிடுகிறது. சொத்து உயிலை இறந்த பிறகு பிரிப்பார்கள். அது வங்கி லாக்கரில் இருக்கலாம். இதையோ உயிர் இருக்கும்போதே, பெரும்பாலும் நள்ளிரவில், ஐசியூ வாசலில் கேட்பார்கள். சாவி எங்கே என்றே தெரியாத பிள்ளைகள் அப்போது என்ன செய்வார்கள்?

கையெழுத்திடும் அன்றே ஐந்து படிகளுக்கு நோட்டரி முத்திரை வாங்கிவிடுவது நல்லது. ஒன்று உங்களுக்கு, ஒன்று குடும்ப மருத்துவருக்கு, இரண்டு உங்கள் சார்பில் முடிவெடுக்க நீங்கள் பெயர் குறிப்பிட்ட இருவருக்கு. ஐந்தாவதுதான் முக்கியம்: ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் இதற்கென உள்ள பொறுப்பு அதிகாரிக்கு. சிகிச்சை தரும் மருத்துவர் ஆவணம் உண்மையானதா என்று அவரிடமோ மின்னணு மருத்துவப் பதிவிலோ சரிபார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். அதன் பின் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். முதல் கட்டத்திலேயே சந்தேகம் வந்தால் நோயாளி எந்தக் குழாய்கள் வேண்டாம் என்றாரோ அவற்றோடே நாள்கள் ஓடும்.

கைபேசியில் வைத்திருக்கிறேன் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆபா (ABHA) எனும் அரசின் மின்னணு சுகாதாரக் கணக்கில் ஏற்றியிருந்தாலும் அதைத் திறக்க ஓடிபி வரும். நினைவிழந்தவரின் பூட்டிய கைபேசியில் அதை யார் பார்ப்பது? பெயர் குறிப்பிட்ட இருவருக்கும் பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவையுங்கள். முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து, முத்திரையும் சாட்சிகளின் கையெழுத்தும் உள்ள கடைசிப் பக்கத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. பர்ஸில் ஆதாரோடு ஒரு சிறு அட்டையும் இருக்கட்டும்: 'மருத்துவ உயில் உள்ளது' என்ற வரி, இரண்டு தொலைபேசி எண்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் படி தானாகப் பின்தொடராது. அங்கும் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

'என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்' என்று மட்டும் எழுதினால் எந்த மருத்துவரும் செயல்பட முடியாது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல் என்று பெயர் சொல்லி, எந்த நிலையில் வேண்டாம் என்பதையும் எழுத வேண்டும். வலி நீக்கும் மருந்து தொடரட்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். மனம் மாறினால் எழுத்திலேயே ரத்து செய்யலாம். புதிதாக எழுதினால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். பழைய படிகளை ஐந்து இடங்களிலிருந்தும் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

உள்ளாட்சி அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறுப்பு அதிகாரியின் பதவி, அறை எண், தொலைபேசி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். இரவிலும் மருத்துவமனை அழைத்தால் எடுக்கும் எண்ணாக அது இருக்கட்டும். படி கொடுக்கப் போகிறவர்கள் தபால் பிரிவில் தேதி முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம். அந்த ஒப்புகையின் ஜெராக்ஸையும் மற்ற நான்கு படிகளோடு இணைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி