ஆறுமணிக்குருவியைக் கண்டேன்

அன்பு மகனுக்கு,

நான் சுகம். சீனி கொஞ்சம் கூடிவிட்டது என்று கிளினிக்கில் தினமும் நடக்கச் சொன்னார்கள். அதனால் பின்னேரம் 5 மணிக்கு, வெயில் தணிய, முத்தையன்கட்டுக் குளத்து இடதுகரை வாய்க்கால் ஓரமாகக் காட்டுக்கரை வரை போய்த் திரும்புகிறேன்.

பெரும்போக வெட்டு நடக்கிறது ராசா. மிசின் வயலில் இறங்கினால் போதும், எங்கிருந்துதான் வருமோ, அத்தனை கொக்கும் பின்னால் ஓடும். நெல் சாயச் சாய வெட்டுக்கிளி கிளம்பும், அதற்குத்தான். நத்தைகுத்தி நாரை மட்டும் அவசரப்படாது. சேற்றில் நின்று நத்தை தேடும். சொண்டை மூடினாலும் நடுவில் ஒட்டாது, இடைவெளி தெரியும். நான் வரம்பில் ஏறினால் ஆட்காட்டி கத்தத் தொடங்கிவிடும். வெறும் தரையில் முட்டையிடுகிற குருவி, பயம் இருக்கும்தானே. சுற்றிப் போய்விடுவேன்.

சொல்ல வந்தது வேறு. நேற்று ஆறுமணிக்குருவியைக் கண்டேன்!

மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தச் சண்டைக் காலம் உனக்கு நினைவிருக்கும். மாரி மாதங்களில் அது கூவின பிறகுதான் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்துவேன். நீ கொப்பியோடு வந்து குந்தி, "அம்மா, இன்னும் கூவவில்லையா" என்று கேட்பாய். அத்தனை வருடம் குரல் கேட்டோம், ஒருநாளும் கண்டதில்லை. பிறகு காட்டுக்கரையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி எடுத்து, பலகைகளைக் கழற்றின பிறகும் என் கால் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த வருடம்தான் போகிறேன்.

வீரை மரத்தடியில் சருகு சரசரத்தது. உடும்பாக்கும் என்று நின்றேன். பார்த்தால் இது! புலுனிக் குருவியை விடச் சின்னது. வால் இல்லாதது போலக் கட்டை. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே மை பூசியது போல ஒரு கறுப்புக் கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு. தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கியது. பிறகு தலையை அண்ணாந்து இரண்டு சீட்டி அடித்தது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். எழும்பிப் பறந்தபோது செட்டையில் ஒரு நீலம் மின்னியது பார், அதை எப்படி எழுதுவேன்.

பக்கத்து வளவுப் பிள்ளை கம்பஸில் விலங்கியல் படிக்கிறாள். இது இமயமலை அடிவாரத்துப் பக்கம் குஞ்சு பொரித்து, மாரிக்கு இங்கே வந்து, சித்திரையளவில் திரும்பிவிடுமாம். இரவில்தான் பறக்குமாம். இவ்வளவு நாளும் நம்மூர்க் குருவி என்றே நினைத்திருந்தேன். கேட்டதிலிருந்து அதில் இன்னும் பாசம் கூடிவிட்டது.

யானை வரும் என்பதால் இருட்ட முன் திரும்பிவிடுவேன், பயப்படாதே. இன்று குருவியின் சத்தத்தைப் போனில் பதிந்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் ஒரு நாய் குரைக்கும், பிறகு யாரோ மாட்டை அதட்டுவார்கள். பொறுத்துக் கேள், அதற்குப் பிறகு இரண்டு தரம் கூவும்.

அம்மா