வங்கி நிர்வாகங்களுக்கு: மின்னஞ்சலில் அந்த பட்டன் வேண்டாம்

வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் அப்பா செல்போனை நீட்டி, "இது பேங்க்ல இருந்துதான் வந்திருக்கா, இல்ல திருட்டுப் பயலுக வேலையா?" என்று கேட்டார். அவருக்கு 72 வயது, ஓய்வூதியம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மேலே வங்கியின் சின்னம், 'கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்கவும்' (அடையாள, முகவரிச் சான்று விவரங்கள்) என்று ஒரு வரி, கீழே நீல பட்டன். பட்டனை அழுத்திப் பிடித்து உள்ளே இருந்த முகவரியைப் பார்த்தேன். வங்கியின் பெயரே இல்லை. கேள்விப்படாத ஒரு பெயர், பின்னால் நாலு வரிக்கு எழுத்தும் எண்ணும். போலிதான், அழித்துவிடுங்கள் என்றேன். கிளையில் போய்க் கேட்டால், அது உண்மையிலேயே வங்கி அனுப்பியதாம்! மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்கள், யார் யார் கிளிக் செய்தார்கள் என்று எண்ணுவதற்காக இணைப்பு அவர்கள் முகவரி வழியாகச் சுற்றிப் போகிறது.

தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். அப்புறம் இப்படி ஒன்றையும் அனுப்பினால் அப்பா எதை நம்புவார்?

ரிசர்வ் வங்கி ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடியும் இணைய முகவரிக்கு மாறவேண்டும் என்றது. அந்த முகவரியை ரிசர்வ் வங்கி அமைத்த ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் வங்கிகளுக்கு மட்டுமே பதிவுசெய்து தருகிறது, வேறு யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: முகவரியில் முன்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள், அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். அங்கே '.bank.in' என்று, bank-க்கு முன்னாலும் ஒரு புள்ளியோடு இருந்தால் சரி. அதற்குப் பிறகும் ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் வந்தால், அந்தத் தளம் அந்த வேறு பெயர்க்காரனுடையது, முன்னால் உங்கள் வங்கிப் பெயரை எத்தனை தடவை எழுதியிருந்தாலும் சரி. முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தை நம்பவே வேண்டாம், போலித் தளத்துக்கும் அது சுலபமாகக் கிடைக்கும்.

இதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டார். ஆனால் நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலே இந்தச் சோதனையில் தேறவில்லை என்றால் கற்று என்ன பயன்? ஏமாந்துபோய் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், புகார் செய்யும்வரை போன பணம் வாடிக்கையாளர் தலையில் என்றுதான் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது. அவ்வளவு பொறுப்பை எங்கள் மேல் வைக்கிறவர்கள், சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்படவாவது விடவேண்டும்.

கேஒய்சி, கடவுச்சொல், அட்டை சம்பந்தமான மின்னஞ்சலில் இணைப்பே வேண்டாம்; செயலியைத் திறங்கள் அல்லது கிளைக்கு வாருங்கள் என்று தமிழிலும் எழுதுங்கள், போதும். விளம்பரத்துக்கு இணைப்பு வைத்தே ஆகவேண்டும் என்றால் அது உங்கள் சொந்த முகவரிக்கு நேராகப் போகட்டும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அந்த முகவரியையும், பணம் போனால் உடனே கூப்பிட 1930 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அப்பா மின்னஞ்சலைவிட பாஸ்புக்கைத்தான் அதிகம் பார்க்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்